கட்டை, கூட்டு, கோணி

மருந்துக்காரம்மாவின் கணவர் காலையில் எழுந்ததும் முதலில் தேடுவது மூக்குக்கண்ணாடியை. அடுத்தது கைப்பேசியை. மனைவி அதற்கும் பிறகுதான், அதுவும் அவள் கையில் காபி இருந்தால். கைப்பேசியில் அவர் பார்ப்பது செய்தியும் இல்லை, சொந்தக்காரர்கள் அனுப்பும் படமும் இல்லை. உலகத்தில் எந்த மூலையில் எவன் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாலும், அதில் இவர் கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தால் ஓர் எண் கூடும். அந்த எண்ணைத்தான் பார்ப்பார். கூடியிருந்தால் குளியலறையில் பாட்டு. கூடாவிட்டால் தேய்த்து மடித்த சட்டையில் கறை கண்டுபிடிப்பார்.

“இன்னிக்கு எத்தனை பேரு உங்க பேரைச் சொல்லியிருக்காங்க?” என்று அவள் கேட்பாள்.

அவர் ஏதோ சொல்வார். கோப்பைக்குள் சொல்வார், இல்லையென்றால் ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். அவளுக்குக் கேட்காது. “என்ன?” என்பாள். “ஒண்ணுமில்ல, விடு” என்பார்.

காது நன்றாக இருக்கிறவர்களுக்கு இந்த “ஒண்ணுமில்ல, விடு” எப்படிச் சுடும் என்று தெரியாது. எதிரில் ஒருத்தி உட்கார்ந்து, உதட்டையும் கண்ணையும் பார்த்து, பாதி காதில் விழுந்ததையும் பாதி விழாததையும் ஒட்டவைத்து, கடைசியில் ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை என்று கேட்டால், அதைத் திரும்பச் சொல்ல வாய் வலிக்கிறதாம். ஊரில் நாலு பேர் அப்படிச் சொன்னால் போகட்டும். காதுக்காகவே உலகத்தில் அவதாரம் எடுத்த மாதிரி பேசுகிற மனுஷன் சொன்னால் பற்றிக்கொண்டு வராதா?

ஆமாம், மனிதர் பெரிய பேராசிரியர். காதும் மூளையும்தான் அவருடைய துறை. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதினார். வயதானவர்களைக் கூட்டிவந்து உட்காரவைத்து, பத்துச் சொற்களை ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டினார்கள். சற்று நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, அந்தப் பத்தையும் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். காது நன்றாக இருந்தவர்கள் எட்டு, ஒன்பது என்று சொன்னார்கள். காது மந்தமானவர்கள் நாலு, ஐந்தில் நின்றுவிட்டார்கள். ஆகவே காது மங்கினால் நினைவும் மங்கும் என்று முடித்தார். அந்தக் கட்டுரையை உலகமே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. ஆஸ்பத்திரிச் சுவரில் அதன் வாசகம், காதுக் கருவி விற்கிறவர்களின் விளம்பரத்தில் அதன் படம். அந்தச் சோதனைக்கே அவர் பெயர்தான். அதற்குப் பின் அவர் எழுதிய எதையும் யாரும் சட்டை செய்யவில்லை. அதைப் பற்றி அவர் பேசமாட்டார்.

அவளுக்கு மருந்துக்கடை. பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசல் தெருவில், கண்ணாடிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில். மருந்தியல் படித்து, கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியது. தெருவில் யாரும் அவளைப் பேராசிரியர் மனைவி என்று சொன்னதில்லை. மருந்துக்காரம்மா என்றால்தான் தெரியும். டாக்டர் எழுதிய சீட்டை வாங்கி, தானே ஒரு முறை வாசித்துக் காட்டி, மாத்திரை அட்டையின் மேல் காலையா ராத்திரியா என்று பேனாவால் எழுதி, வாங்குகிறவர்களையே அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாள். காது மந்தமான பிறகு இந்தப் பழக்கம் இன்னும் கெட்டிப்பட்டது. எழுத்தில் இருப்பதைத்தான் நம்புவாள். அவள் கையால் தப்பு மருந்து போனது என்று எதிரிகூடச் சொன்னதில்லை. வேறு கடையில் வாங்கிய மருந்தையும் “அம்மா, இது சரிதானா பாருங்க” என்று அவளிடம் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் உண்டு.

பகலெல்லாம் காதுக் கருவி மாட்டியிருந்தால் தலைக்குள் இரைச்சல் நிரம்பிவிடும். அதனால் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அதையும் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் சின்னப் பெட்டியில் போட்டுவிடுவாள். பிறகு வீடு நிம்மதியாக இருக்கும். இது அவருக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? பெட்டிக்கு அருகில்தான் அவர் தட்டே இருக்கும்.

போன மாதம் ஒரு சாயங்காலம், அவள் கழற்றிப் பெட்டியில் போட்ட பிறகுதான், “சும்மா ஒரு சின்ன டெஸ்ட்” என்று உட்காரவைத்தார். அடுப்புக்கு மேல் புகைபோக்கி விசிறி இரைந்துகொண்டிருந்தது. துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றில் தடதடத்தது. மனிதர் கையில் இருந்த பலகைக் கணினியைப் பார்த்தபடி, முகவாயை நெஞ்சில் புதைத்துக்கொண்டு பத்துச் சொற்களை வாசித்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. விளையாட்டுக்குத்தானே என்று காதில் விழுந்ததை மனசில் போட்டுக்கொண்டாள். பிறகு அவர் மகளின் புதுவீட்டைப் பற்றி, வரப்போகும் மழையைப் பற்றி ஏதோ பேசினார். கடைசியில் சொல்லச் சொன்னார். மடமடவென்று பத்தையும் சொன்னாள்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே பார்க்கவேண்டும். பரீட்சையில் மனைவி தோற்றால் சந்தோஷப்படுகிற புருஷனை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“பத்துக்கு மூணு” என்று விரலைக் காட்டினார்.

மறுநாள் காலை அந்தக் கணினி மேசையில் திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தாள். அவர் வாசித்த பத்தும் அவள் சொன்ன பத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏங்க, இது சட்டையா? எனக்குக் கட்டைன்னு விழுந்துச்சு. பூட்டு கூட்டா விழுந்திருக்கு. தோணி கோணியாயிடுச்சு. வாயைத் திறந்து சொல்லியிருந்தா பத்தும் சொல்லியிருப்பேனே.”

அவரும் சிரித்தார். நன்றாக நினைவிருக்கிறது, சிரித்தார். “சரி சரி” என்று கணினியை மூடி எடுத்துக்கொண்டு போனார். அவளும் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு ஒரு விருது வந்தது. ஒரே கட்டுரை, இத்தனை நாட்டில், இத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், மருத்துவத்தையே மாற்றிவிட்டது என்று பெரிய அரங்கில் விழா. அவர் தலைகால் புரியாமல் திரிந்தார். கண்ணாடி முன்னால் நின்று உரையை ஒத்திகை பார்த்தார். பல்கலைக்கழகத்தின் விளம்பர அதிகாரி, எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுவதால் ‘சிரிப்பு மேடம்’ என்று கணவனும் மனைவியுமாகப் பெயர் வைத்திருந்த பெண், வீட்டுக்கே வந்து யோசனை சொன்னாள். மருந்துக்காரம்மா காபி கொண்டுபோய் வைத்தபோது இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். காது கேட்காதவள் முன்னால் எதற்குப் பேச்சை நிறுத்தவேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

விழாவன்று முதல் வரிசையில் அவளுக்கு இடம். பக்கத்தில் நாத்தனார், அவருடைய தங்கை. அண்ணனுக்கு விருது என்றதும் விடிகாலையிலேயே வந்து இறங்கிவிட்டாள். பின்வரிசைகளில் ஆராய்ச்சிக்காரர்கள், மாணவர்கள், நகரத்து டாக்டர்கள். திரும்பிப் பார்த்தபோது தெரிந்த முகங்களாக இருந்தன. இதய டாக்டர் கை அசைத்தார். குழந்தைகள் டாக்டர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பாதிப்பேர் எழுதும் சீட்டு அவள் கடைக்குத்தான் வரும்.

அரங்கில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். காது சம்பந்தப்பட்ட விழாவாயிற்றே, காது மந்தமானவர்களும் வருவார்கள் என்று, மேடைக்குப் பின்னால் உயரத்தில் ஒரு திரை வைத்து, பேசுவதை எல்லாம் அப்படியே எழுத்தில் ஓடவிட்டார்கள். ஓரத்தில் ஒரு பெண் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, விரல் தெரியாத வேகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கைதட்டினால் (கைதட்டல்) என்றும், சிரித்தால் (சிரிப்பு) என்றும் அடைப்புக்குறிக்குள் போட்டாள். மருந்துக்காரம்மாவுக்கு ஆனந்தம் பிடிபடவில்லை. எத்தனையோ கூட்டத்தில் பொம்மை மாதிரி தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். இன்றைக்கு ஒரு சொல் விடாமல் தெரியப் போகிறது, அதுவும் தன் வீட்டுக்காரர் பேச்சு.

அவருக்குத் திரை முதுகுப்பக்கம். பேசுவது எல்லாம் அதில் ஓடும் என்று ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார்கள். தனக்குத் தேவைப்படாத எதுவும் அவர் காதில் ஏறியதில்லை.

முதலில் எண்ணிக்கைகள் வந்தன, படங்கள் வந்தன. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். தோள் தாழ்ந்ததில் அவளுக்குத் தெரிந்தது. திரையில் எழுத்து ஓடியது.

புள்ளிவிவரம் போதும். இப்போது ஒரு மனுஷியைப் பற்றிச் சொல்கிறேன். என் மனைவியைப் பற்றி.

அவளுக்கு முகம் மலர்ந்தது. நாத்தனார் முழங்கையால் இடித்தாள். திரையில் எழுத்து தொடர்ந்தது.

அவள் மருந்துக்கடை நடத்துகிறவள். ஆயிரம் மருந்தின் பெயர் அவளுக்கு அத்துப்படி. சில வருடங்களாகக் காது மந்தம். சென்ற மாதம் நானே அவளுக்கு இந்தச் சோதனையைச் செய்தேன். பத்துக்கு மூன்று.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது.

அது மட்டுமல்ல. நான் சொல்லாத சொற்களைச் சொன்னாள். கட்டை என்றாள். கூட்டு என்றாள். கோணி என்றாள். நடக்காததை நடந்ததாக மூளை இட்டுக்கட்டத் தொடங்கிவிட்டது. அவளுக்கு அது தெரியவில்லை. காரணமில்லாமல் கோபம் வருகிறது. கோபமும் ஆரம்ப அறிகுறிதான் என்பது உங்களுக்குத் தெரியும். என் கட்டுரை என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது, நண்பர்களே.

(அமைதி)

பிறகு (கைதட்டல்). நீண்ட கைதட்டல். யாரோ எழுந்து நின்று தட்டினார்கள்.

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. “அண்ணி, எனக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?” என்று வாயை அகலத் திறந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

“எனக்கே இப்பத்தான் சொல்றாங்க” என்றாள் மருந்துக்காரம்மா.

அவள் பின்னால் திரும்பினாள். இதய டாக்டர் சட்டென்று குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். குழந்தைகள் டாக்டர் பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று யூகிக்கக் காது வேண்டாம். அடுத்த நாள் அவருடைய நோயாளிகள் வேறு கடைக்குப் போவார்கள். ஞாபகம் தப்பியவள் கையில் இருந்து யார் மருந்து வாங்குவார்கள்? அவளே வாங்கமாட்டாள். கடை உரிமத்தைப் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். இத்தனை டாக்டர் கேட்ட பிறகு எவர் கையெழுத்துப் போடுவார்? மறதி நோயில் உலகத்துக்கே வாத்தியார், கட்டின புருஷன், மேடையில் நின்று சொல்லிவிட்டார். மேல்முறையீடு எங்கே செய்வது?

அவளுக்கு உள்ளங்காலில் இருந்து உச்சந்தலைவரை கொதித்தது. பாவி மனுஷா, உனக்கு ஒரு விருது வேண்டுமென்றால் உன் காதை அறுத்து வைத்திருக்கக் கூடாதா? என் பிழைப்பா கிடைத்தது? எழுந்து நின்று கத்தவேண்டும்போல் இருந்தது. செருப்பைக் கழற்றவேண்டும்போல்கூட இருந்தது. ஆனால் அந்த ஆள் அதற்கும் வழி அடைத்துவிட்டான். கோபப்பட்டால் அதுவே அறிகுறியாம். கத்தினால் நோய் முற்றிவிட்டது என்பார்கள். அழுதால் பாவம் என்பார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் கடை போய்விடும். இப்படி ஒரு கட்டுக் கட்டிப்போட அவர் எத்தனை நாள் யோசித்தாரோ என்று நினைத்தாள். பிறகு, யோசித்தே இருக்கமாட்டார், மனைவியைப் பற்றி அவர் எப்போது அவ்வளவு நேரம் யோசித்திருக்கிறார் என்று தோன்றியது. அதில் இன்னும் எரிந்தது.

கேள்வி நேரம் வந்தது. ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு ஒரு பெண் வரிசைகளுக்கு நடுவில் நடந்தாள். மருந்துக்காரம்மா கையைத் தூக்கினாள். நாத்தனார் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். இவள் மற்றக் கையைத் தூக்கினாள்.

“நான்தான் அந்த மனைவி” என்றாள் ஒலிவாங்கியில்.

(சிரிப்பு) என்று திரை காட்டியது. பிறகு சிரிப்பு நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு, கடையில் மாத்திரை விவரம் சொல்கிற அதே குரலில் பேசினாள். “எனக்கு ஞாபகம் போயிடுச்சுன்னு ஐயா சொல்றாரு. அவர் அன்னிக்கு வாசிச்சதுல எனக்குக் காதுல விழுந்த பத்தும் இதுதான். மரம், கட்டை, கூட்டு, யானை, கோணி, கால், விளக்கு, உயிர், ஆவி, கல். அன்னிக்கும் இதே பத்துதான் சொன்னேன். ஒரு மாசம் ஆச்சு. ஒண்ணும் குறையல. இப்ப அவர் வாசிச்சது என்னன்னு கேளுங்க. சட்டை, பூட்டு, தோணி, பால், பயிர், சாவி, பல். மத்த மூணும் சரி. சட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல என்ன தொலைஞ்சு போச்சு? ஞாபகமா, காதா?”

பின்வரிசையில் ஒரு சலசலப்பு. ஆராய்ச்சிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“எனக்குக் கேக்கல. கேக்காததை எப்படிங்க மறக்க முடியும்? அன்னிக்கு என் காதுக் கருவி அவர் தட்டுக்குப் பக்கத்துல பெட்டியில கிடந்துச்சு. அவர் குனிஞ்சுக்கிட்டு வாசிச்சாரு. நான் இதை மறுநாளே சொன்னேன். கேட்டுட்டுச் சிரிச்சாரு. அதை ஏன் இங்க சொல்லல?”

மேடையில் பேராசிரியர் இரண்டு கையையும் விரித்து, அரங்கைப் பார்த்து ஒரு சோகச் சிரிப்புச் சிரித்தார். திரையில் வந்தது:

மன்னிக்க வேண்டும், நண்பர்களே. எங்கள் குடும்பத்துக்கு இது கடினமான நேரம். நான் சொன்ன கோபம் இதுதான். இவ்வளவு கோர்வையாகப் பேசுவதும் சில சமயம் நடக்கும்.

கோர்வையாகப் பேசினாலும் நோயாம். பாதி அரங்கு பரிதாபமாகத் தலையாட்டியது. கடை, அவள் கண் முன்னாலேயே, கதவு சாத்தப்படுவதுபோல் இருந்தது.

அவர் மேடையை விட்டு இறங்கி அவளை நோக்கி வந்தார். சட்டைக் காலரில் குத்தியிருந்த ஒலிவாங்கி, முன்னால் இருந்த பெரிய ஸ்பீக்கருக்குக் கிட்டே வந்ததும் கீச்சென்று வீறிட்டதாம். அவளுக்கே அது லேசாகத் தெரிந்தது. முதல் வரிசை முழுக்கக் காதைப் பொத்தியது. ஒலிபெருக்கிக்காரர் பதறி அரங்குச் சத்தத்தை அணைத்துவிட்டார். ஆனால் தட்டச்சுப் பெண்ணின் ஹெட்போனுக்குப் போகும் இணைப்பு தனி. அதை அவர் தொடவில்லை.

பேராசிரியர் அவள் தோளில் கை போட்டார். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு அன்பான கணவர். காதும் காதும் வைத்தாற்போல் குனிந்து, உதடு அசைவதுகூடத் தெரியாமல் பேசினார். மூச்சுச் சூடு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. காது கேட்காத மனைவியின் காதில் ரகசியம் சொல்கிற ஆராய்ச்சியாளரை உலகம் அதற்கு முன் பார்த்திருக்காது. கடமைக்குச் சமாதானம் சொன்னால் போதும், அவளுக்குக் கேட்டதா என்பது அவருக்கு என்றைக்கு முக்கியமாக இருந்தது?

அவள் அவர் தோளுக்கு மேல் திரையைப் பார்த்தாள். எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

உக்காரு. மானத்தை வாங்காதே.

உனக்கு மறதி இல்லன்னு எனக்குத் தெரியாதா. காதுல விழலை, அவ்வளவுதான். எனக்குத் தெரியும்.

ஆனா அதை இங்க எப்படிச் சொல்றது. உன் மார்க்கு தப்புன்னா அந்தக் கட்டுரையில இருக்கிற எல்லார் மார்க்கும் தப்புன்னு ஆயிடும். அவங்களுக்கும் வாசிச்சுத்தானே காட்டினோம். புரியுதா. எல்லாம் போயிடும்.

கடை போனா போகட்டும். எத்தனை நாள் மாத்திரை எண்ணிக்கிட்டு இருப்ப. நான் பாத்துக்கறேன்.

அரங்கில் எல்லோர் முகமும் மேலே தூக்கியிருந்தது. சிரிப்பு மேடத்தின் பல் முதல்முறையாக உள்ளே போனது. நாத்தனார் திரையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், அண்ணியின் கையை விட்டுவிட்டுத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடை போனா போகட்டும். அந்த வரியில்தான் அவள் நின்றாள். மற்றதை எல்லாம் ஒருவேளை ஒருநாள் மன்னித்திருப்பாள். பேராசை, பயம், கிறுக்கு என்று ஏதாவது பெயர் வைத்து மூடியிருப்பாள். இதை முடியாது. அவர் படிப்பு முடிகிறவரை இந்த வீட்டுக்குச் சோறு போட்டது அந்தக் கடை. இருந்தாலும் அதுகூட இல்லை விஷயம். அது அவளுடையது. அவ்வளவுதான் விஷயம்.

தோளில் இருந்த கையை எடுத்துக் கீழே விட்டாள். ஒலிவாங்கியை வாய்க்குக் கொண்டுவந்தாள். அதற்குள் ஒலிபெருக்கிக்காரர் சத்தத்தைத் திரும்பக் கொடுத்திருந்தார்.

“நீங்க சொன்னது என் காதுல விழலை” என்றாள். “ஆனா படிச்சுட்டேன். இவங்க எல்லாரும் படிச்சுட்டாங்க. பின்னாடி பாருங்க.”

அவர் திரும்பினார். தன் வார்த்தைகளை மேலிருந்து கீழாகப் படித்தார். அவர் முதுகைத்தான் அவள் பார்த்தாள். கோட்டு தோளில் தொங்கிப் போயிற்று.

“இப்ப மேடைக்குப் போங்க. எனக்கு மறதி இல்லன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க. அது போதும். கட்டுரையை என்ன பண்றதுன்னு அப்புறம் இவங்க பாத்துக்குவாங்க.”

ஒரே ஒரு வாக்கியம். எழுத்தில் ஏற்கெனவே வந்துவிட்ட வாக்கியம். அதைச் சொல்வதால் இனி அவருக்குப் புதிதாகப் போவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் மேசைமேல் இருந்த விருதைப் பார்த்தார். அரங்கைப் பார்த்தார். எதையாவது இன்னும் காப்பாற்ற முடியுமா என்ற கணக்கு அவர் முகத்தில் ஓடியது. காது மந்தமானவளுக்கு முகம் படிக்கத் தெரியாதா? அவள் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார்.

தட்டச்சுப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை போலும். தன் வேலையைச் செய்தாள்.

(பேச்சாளர் பதில் சொல்லவில்லை)

மருந்துக்காரம்மா அதைப் படித்துவிட்டுப் பின்வரிசைகளின் பக்கம் திரும்பினாள். கோபம் தணியவில்லை. அதற்கு யார் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

“டாக்டருங்களே, நாளைக்குக் காலையில கடை திறந்திருக்கும். சீட்டை அனுப்புங்க. கையெழுத்து மட்டும் புரியற மாதிரி எழுதுங்க.”

குழந்தைகள் டாக்டர் எழுந்து நின்றார். அவள் பார்க்கும்படி முகத்தை நேரே வைத்துக்கொண்டு, “அனுப்பறேன்மா” என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். ஒலிவாங்கி இன்னும் கையில்தான் இருந்தது.

“நீங்க வீட்டுக்கு வரவேண்டாம். உங்க கட்டுரையோடயே குடும்பம் நடத்துங்க” என்றாள்.

தட்டச்சுப் பெண் அதையும் ஓர் எழுத்து பிசகாமல் அடித்தாள்.